கோசோங்

ஆறு தசம் மூன்று.
ஜெலுத்தோங் கிளினிக்கில் மிஸ்ஸி ஹஜார்
அட்டையில் எழுதி, பேனாவால் அதை ஒருமுறை தட்டினாள்.
இன்னும் உள்ளே வரவில்லை, என்றாள் மலாயில்.
வாசலில் அது செருப்பைக் கழற்றும் சத்தம்
எனக்குக் கேட்டது.

நாற்பத்திரண்டு வயது.
பாயான் லெப்பாஸில் சிப் பார்க்கிற கண் எனக்கு.
பன்னிரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குக் கீழே
மயிரிழை விரிசலையும் பிடித்துவிடுவேன்.
பிடிக்காமல் விட்டது இது:
இரவு பத்துக்கு ஒரு த்ரீ-இன்-ஒன்,
ஒரு மணிக்கு ஒன்று,
தூக்கத்தோடு மல்லுக்கட்ட மூன்றுக்கு ஒன்று,
விடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும்
மசூது பாய் கடையில் தே தாரேக்,
வீடு போகும் வழிக்கு
விரலில் மாட்டிய பையில் இன்னொன்று, ஐஸ் போட்டு.
சியூ ஃபொங் கழிவுத்தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தாள்.
பத்தொன்பது கரண்டி.
நீ எழுந்துபோன நாற்காலியில் எறும்பு வரும் பார், என்றாள்.

லாக்கரில் இருந்த பொட்டலங்களை
நோர்லைலாவிடம் கொடுத்தேன்.
அவளுக்கு மட்டும் எதற்கு என்று
மறுநாள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
தூக்கிப் போட மனம் வராமல்
இன்னும் இருக்கின்றன, காலுறைகளுக்குப் பின்னால்.

முதல் வாரம் ‘கூராங் மானிஸ்’ என்றேன்.
சரிம்மா என்றார் மசூது பாய்.
கை கேட்கவில்லை.
கெட்டிப்பால் தகரத்தைச் சாய்க்க
அந்தக் கைக்குத் தெரிந்தது ஒரே அளவு, முப்பது வருட அளவு.
நுரை மட்டும்தான் குறைந்திருந்தது.

ஆகவே அந்தச் சொல்லுக்கே வர வேண்டியதாயிற்று.
தே ஓ, கோசோங்.

பஸ்ஸில் ஆள் இல்லையென்றால் கோசோங்.
மாதக் கடைசியில் பர்ஸ் கோசோங்.
போன் நம்பரின் நடுவில் இரண்டு கோசோங்.
அத்தனையையும் கூசாமல் சொன்ன வாய்
கடையில் இதை முணுமுணுத்தது.
பக்கத்து மேசை திரும்பியது.
இனிப்பு நீராம்மா? என்றார் ஒருவர்,
ரொட்டி சானாயைப் பிய்த்தபடி, துக்கம் விசாரிக்கிற குரலில்.
இல்லைங்க. வராமல் இருக்கத்தான்.
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
வந்தவர்களுக்குச் சொல்லத்தான்
நம்மிடம் வார்த்தை இருக்கிறது.

கசந்தது.
முதல் மடக்கில் நாக்கு கதவைச் சாத்திக்கொண்டது.
பொய் சொல்லவில்லை, இன்றைக்கும் கசக்கிறது.

நாசி கண்டாரில் வெள்ளத்தை நிறுத்தியாயிற்று:
பாஞ்சிர் வேண்டாம், ஓரத்தில் ஒரு கரண்டி குழம்பு,
சோறு பாதி, வெண்டைக்காய் இரண்டு பங்கு.
பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்குகிறேன்.
நடுவில் ஒரு சனிக்கிழமை பட்டர்வொர்த்தில்
கொழுந்தியாள் கல்யாணம்.
குலாப் ஜாமூன் மூன்று. நாலாவதில் பாதி.
மிஸ்ஸியிடம் சொல்லவில்லை.
உங்களிடம் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி, மூன்று மணி.
கேண்டீனில் எல்லோர் தட்டிலும் வைக்கிற பப்பாளித் துண்டு,
இருபது வருடமாய் நான் தொடாமல்
குப்பைக்கு அனுப்பி வந்தது.
வேறொன்றும் இல்லையே என்று கடித்தேன்.
இனித்தது.
சியூ ஃபொங்கைக் கூப்பிட்டேன்:
இன்றைக்கு இதில் சீனி ஏதும் தூவினார்களா?
அவள் தன் துண்டைத் தின்று பார்த்தாள்.
எப்போதும் போலத்தான், சப்பென்று, என்றாள்.
நான் அவள் மிச்சத்தையும் வாங்கித் தின்றேன்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.
காலை எட்டு மணி, வெறும் வயிற்றோடு.
அட்டையில் மிஸ்ஸி எழுதியிருக்கிறாள்;
அவள் மொழியில்
அதுவும் கோசோங்தான்.